மன்னர் பிறந்தநாளில் பிள்ளைகள் ஏன் கடை விரிக்கிறார்கள்? நெதர்லாந்தின் ஆரஞ்சுத் திருநாளும் பூக்களின் அரசியலும்

ஏப்ரல் கடைசி வாரத்தில் நெதர்லாந்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்தால் குழப்பம் வருவது இயல்பு. ஊரே ஆரஞ்சு நிறமாக இருக்கிறது. மன்னரின் பிறந்தநாள் என்கிறார்கள். படத்தில் மன்னர் இல்லை. நடைபாதையில் போர்வை விரித்துத் தன் பழைய பொம்மைகளைக் கூவி விற்கும் எட்டு வயதுப் பிள்ளை இருக்கிறது. அந்த நாட்டு முதியவர்கள் தங்கள் சிறுவயதிலிருந்து சொல்லும் காட்சியோ வேறு: கையில் பூங்கொத்தோடு அரண்மனைப் படிக்கட்டை நோக்கி மெல்ல நகரும் நீண்ட வரிசை.

இரண்டும் ஒரே திருநாள்தான். அந்த வரிசை எப்படி இந்தப் போர்வை ஆனது என்பதற்கு ஏறத்தாழ 140 ஆண்டுக் கதை இருக்கிறது.

முதலில் சில அடிப்படைகள்

1. ஆரஞ்சு என்பது பழம் அல்ல, ஊர். தென் பிரான்சில் ஒராஞ் என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் அராசியோ எனப்பட்டது. அந்தச் சிற்றரசு 1544இல் வாரிசுரிமையாக நாசோ குலத்து வில்லெம் என்ற சிறுவனுக்கு வந்தது. பிற்காலத்தில் ஸ்பெயினுக்கு எதிரான டச்சுக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். ஊரின் பெயரும் பழத்தின் பெயரும் ஒத்துப்போனதால் நிறம் குலச்சின்னமாக ஒட்டிக்கொண்டது.

2. டச்சு மன்னருக்கு முடிசூட்டு கிடையாது. கிரீடம் உண்டு, யார் தலையிலும் ஏறாது. ஆம்ஸ்டர்டாமின் புதிய தேவாலயத்தில் நடக்கும் பதவியேற்பின்போது அது மேசைமேல் இருக்கும். மன்னர் அரசமைப்பின்மேல் உறுதிமொழி எடுப்பார். தமிழ்ச் செய்திகளில் 'முடிசூட்டு விழா' என்று எழுதுவது பழக்கம்தான், ஆனாலும் பிழை.

3. திருநாளின் பெயர் ஆள்பவரைப் பொறுத்தது. ராணி ஆண்டால் கோனிங்கினதாக், மன்னர் ஆண்டால் கோனிங்ஸ்தாக். முதலாவது ராணியின் நாள், இரண்டாவது மன்னரின் நாள். இப்போது வில்லெம்-அலெக்சாந்தர் ஆள்வதால் அவர் பிறந்த ஏப்ரல் 27. அது ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒருநாள் முன்னதாகச் சனிக்கிழமையே கொண்டாடிவிடுவார்கள். 2014இலும் 2025இலும் அப்படித்தான் 26ஆம் தேதி நடந்தது.

ஐந்து வயதுச் சிறுமியும் ஒரு பத்திரிகை ஆசிரியரும்

இந்த விழாவை எந்த மன்னரும் தொடங்கிவைக்கவில்லை. மன்னரைக் கொண்டாட ஆள் இல்லாத நிலையில்தான் இது பிறந்தது.

1880களில் ஆண்ட மூன்றாம் வில்லெமை மக்களுக்குப் பிடிக்காது. முன்கோபி, முரடர் என்று பேர். முதல் மனைவி 1877இல் இறந்தபின், 1879இல் தன் 61ஆம் வயதில் 20 வயது ஜெர்மன் இளவரசி எம்மாவை மணந்தார். 1880 ஆகஸ்ட் 31இல் வில்ஹெல்மினா பிறந்தாள். முதல் மணத்தில் பிறந்த மகன்களில் எஞ்சியிருந்த கடைசி ஒருவரும் 1884இல் மறைய, நாட்டின் அரச பரம்பரை அந்த மூன்றே முக்கால் வயதுப் பெண்குழந்தையோடு நின்றது.

இந்த இடத்தில்தான் உத்ரெக்ட் நகர நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் கெர்லாக் வருகிறார். நாட்டில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள், தாராளவாதிகள் என்று ஆளுக்கொரு திசை. எல்லோரையும் ஒரு நாளாவது ஒன்றாக நிறுத்த ஏதாவது வேண்டும். கிழட்டு மன்னரைக் காட்டி அது நடக்காது. குழந்தையைக் காட்டினால் நடக்கும். 1885 ஆகஸ்ட் 31, இளவரசிக்கு ஐந்து வயது நிறைந்த நாள், உத்ரெக்டில் முதல் 'இளவரசி நாள்' கொண்டாடப்பட்டது. மற்ற ஊர்களும் பிடித்துக்கொண்டன.

1890 நவம்பரில் மன்னர் இறந்தார். பத்து வயதில் வில்ஹெல்மினா ராணியானாள். 18 வயதாகும்வரை தாய் எம்மா அவள் பெயரில் ஆண்டார். இளவரசி நாள் 1891இல் ராணியின் நாளாகப் பெயர் மாறியது. ஆகஸ்ட் 31 கோடை விடுமுறையின் கடைசி நாட்களில் வந்ததால் பிள்ளைகளை ஊர்த்திடலில் திரட்டுவதும் எளிதாயிற்று. சாக்கு ஓட்டம், கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றில் தொங்கும் கேக்கைக் கடிப்பது, இடுப்பில் கட்டிய நூலில் ஆடும் ஆணியைக் கையால் தொடாமல் குப்பிக்குள் இறக்குவது போன்ற விளையாட்டுகள் இன்றும் இந்த நாளின் அடையாளம். காலையில் நகரமன்றத்தின் முன் பள்ளிப்பிள்ளைகள் நின்று தேசியகீதமான வில்ஹெல்முஸைப் பாடுவார்கள். அதற்கு 'ஓபாட்' என்று பெயர், நம் திருப்பள்ளியெழுச்சிபோல் விடியலில் பாடி எழுப்புவது என்று பொருள்.

ஆக, 'சிறுவயது நினைவு' இந்த விழாவில் பின்னால் வந்து ஒட்டியதன்று. குழந்தையை முன்னிறுத்தித்தான் விழாவே கட்டப்பட்டது. பாடிய பிள்ளைகள் பெரியவர்களாகித் தம் பிள்ளைகளை அழைத்துவந்தார்கள். அரசக் குடும்பத்தின்மேல் பெரிய பக்தி இல்லாதவர்களுக்கும் அது தம் பால்யத்தின் ஒரு காலைப்பொழுது. முடியாட்சியை எதிர்த்து வாதிடுபவர்களுக்கு அங்கே இருக்கும் பெரிய இடைஞ்சலும் அதுதான் என்பது என் கணிப்பு. வாதத்துக்கு எதிர்வாதம் உண்டு, சாக்கு ஓட்டத்துக்கு ஏது?

1940: ஒரு பூ குற்றமான நாள்

பூக்கள் இந்தக் கதையில் அழகுக்காக இல்லை என்பது 1940இல் வெளிப்பட்டது. அந்த ஆண்டு மே 10இல் ஜெர்மனி படையெடுத்தது. சில நாட்களில் ராணி வில்ஹெல்மினாவும், மகள் யூலியானாவின் குடும்பமும் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். நாடு சரணடைந்தது. வெறுமையும் கோபமும் சூழ்ந்த ஏழாவது வாரத்தில் ஒரு பிறந்தநாள் வந்தது. ஜூன் 29, யூலியானாவின் கணவர் பெர்ன்ஹார்டுக்கு 29 வயது.

பெர்ன்ஹார்ட் தன் கோட்டின் பொத்தான் துளையில் வெள்ளைக் கார்னேஷன் செருகிக்கொள்பவர். நம் ஊர்ப் பூக்கடைகளிலும் இப்போது கிடைக்கும், ஓரம் ரம்பம்போல் சுருங்கிய இதழ்கள் கொண்ட அதே பூ. அன்று காலை ஹேக் நகரிலும் பிற ஊர்களிலும் மக்கள் கார்னேஷன் செருகிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஹேக்கின் நோர்டெய்ண்டே அரண்மனை முன் பூக்கள் குவிந்தன. உள்ளே வைத்திருந்த வாழ்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வரிசை நின்றது. கையெழுத்திட்டவர்களில் ஒருவர் தளபதி விங்கல்மன், ஆறு வாரம் முன்பு சரணாகதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே மனிதர்.

ஜெர்மன் நிர்வாகத்துக்கு இது ஏன் பொறுக்கவில்லை? படிப்படியாகப் பார்த்தால் புரியும்.

1. ஆயுதம் இல்லை, முழக்கம் இல்லை, துண்டறிக்கை இல்லை. பூ வைத்திருப்பதைத் தடைசெய்யச் சட்டம் எதுவும் இல்லை.

2. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத பூ, ஆயிரம் பேர் செருகினால் எண்ணிக்கை ஆகிறது. நம்மைப் போல் எத்தனை பேர் என்று ஆக்கிரமிப்பில் இருக்கும் மக்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தெரிந்துகொண்ட முதல் நாள் அது.

3. தண்டிக்காமல் விட்டால் அடுத்து ஆகஸ்ட் 31, ராணியின் நாளே வருகிறது.

விளைவு உடனே வந்தது. விங்கல்மன் கைதாகி ஜெர்மனிக்குப் போர்க்கைதியாகக் கொண்டுபோகப்பட்டார். ஹேக் மேயர் பதவி நீக்கப்பட்டார். அரசக் குடும்பத்தைப் போற்றும் பொது நிகழ்ச்சிகளுக்குத் தடை வந்தது. வரலாற்றில் அந்த நாளுக்கு 'கார்னேஷன் நாள்' என்றே பெயர்.

இதில் கசப்பான பின்குறிப்பு ஒன்று உண்டு. பெர்ன்ஹார்ட் பிறப்பால் ஜெர்மானியர். மாணவப் பருவத்தில் நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தார் என்று வரலாற்றாய்வாளர்கள் சொன்னபோதெல்லாம் 2004இல் சாகும்வரை மறுத்தார். அவருடைய சொந்த ஆவணங்களுக்குள்ளேயே அசல் உறுப்பினர் அட்டை இருந்தது 2023இல் வெளியே வந்தது. 1940இல் நாஜிகளை எதிர்த்துப் பூச்சூடியவர்கள், அறியாமலே, அந்தக் கட்சியின் முன்னாள் உறுப்பினர் ஒருவரின் சின்னத்தைச் சூடியிருந்தார்கள். அதனால் அவர்களுடைய துணிவு பொய்யாகிவிடாது. அந்தப் பூவின் பொருள் அவர்கள் கொடுத்தது, அவர் கொடுத்ததன்று.

பூவின் பெயரில் ஒரு குழந்தை

யூலியானா போர்க்காலத்தைக் கனடாவின் ஒட்டாவாவில் கழித்தார். 1943 ஜனவரி 19இல் மூன்றாவது மகள் பிறந்தாள். பெயர் மார்க்ரீத், டச்சில் ஒருவகை வெள்ளை டெய்சிப் பூ. போரின்போது எதிர்ப்பின் அடையாளமாக மக்கள் அணிந்த பூ அது. டச்சு வணிகக் கப்பற்படை முழுவதையும் ஞானத்தந்தையாக ஏற்று அவளுக்கு ஞானஸ்நானம் நடந்தது.

இங்கே பலரும் தவறாகச் சொல்லும் சட்ட நுணுக்கம் ஒன்று இருக்கிறது. 'ஆஸ்பத்திரி அறையைக் கனடா நெதர்லாந்துக்குக் கொடுத்துவிட்டது' என்பார்கள். அப்படியல்ல. கனடாவில் பிறக்கும் குழந்தை பிரித்தானியக் குடிமகவாகிவிடும். அரச வாரிசு வரிசையில் உள்ள பிள்ளைக்கு அது சிக்கல். ஆகவே பிரசவம் நடக்கும் இடம் கனடாவின் அதிகார எல்லைக்கு வெளியே என்று மட்டும் அரசு அறிவித்தது. அந்த இடம் எவருக்கும் சொந்தமாகவில்லை. குழந்தை தாய்வழியே டச்சுக் குடியுரிமை பெற்றது, அவ்வளவே.

நன்றியாக 1945இல் ஒட்டாவாவுக்கு ஒரு லட்சம் டூலிப் கிழங்குகள் போயின. ஆண்டுதோறும் கிழங்கு அனுப்பும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. ஒட்டாவாவில் மே மாதம் நடக்கும் டூலிப் திருவிழாவின் வேர் இதுதான்.

சூஸ்டைக் படிக்கட்டு

1948 செப்டம்பரில் வில்ஹெல்மினா மகளுக்கு வழிவிட்டு விலகினார். யூலியானா பிறந்தது 1909 ஏப்ரல் 30. எனவே 1949 முதல் திருநாள் கோடையிலிருந்து வசந்தத்துக்கு நகர்ந்தது. டூலிப் வயல்கள் பூத்திருக்கும் பருவம். பூங்கொத்துக்குப் பஞ்சமில்லை.

ராணி வாழ்ந்தது தலைநகரில் இல்லை. உத்ரெக்ட் மாகாணத்தில் பார்ன் ஊரை ஒட்டிய சூஸ்டைக் அரண்மனையில். வெள்ளை முகப்பு, இருபுறமும் வளைந்த சிறகுக் கட்டடங்கள், நடுவில் அகலமான படிக்கட்டு. ஏப்ரல் 30 அன்று அந்தப் படிக்கட்டில் யூலியானா, பெர்ன்ஹார்ட், மகள்கள் நால்வர் நிற்பார்கள். சங்கங்கள், பள்ளிகள், ஊர்க்குழுக்கள் என்று வரிசை அவர்களைக் கடந்து போகும். போகிறவர் பூவையோ, கேக்கையோ, தன் ஊர் விளைபொருளையோ கையில் கொடுப்பார். 'டெஃபிலே' என்பார்கள். இராணுவச் சொல், அணிவகுத்துக் கடந்து செல்வது. துப்பாக்கிக்குப் பதில் பூ.

இந்த வரிசையின் ஈர்ப்பு எதில் இருந்தது? ராணி கையால் வாங்கினார், ஒரு வார்த்தை பேசினார். அவர் கைப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு அம்மாள்போல் நிற்பதை நாடே பார்த்தது. நெதர்லாந்தில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1951 அக்டோபரில் தொடங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டெஃபிலே ஒளிபரப்பு பண்டிகைநாளின் பகுதியாகிவிட்டது. நேரில் போய் நின்றவர்களைவிடக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் பல மடங்கு அதிகம். எனவே 'சூஸ்டைக் வரிசை' என்று இன்று சொல்லப்படும் நினைவுகளில் பெரும்பகுதி கறுப்பு வெள்ளைத் திரையில் கிடைத்தவையாகவே இருக்க வேண்டும். அதில் பொய் ஒன்றுமில்லை; ஆனால் திரை எதைக் காட்டியதோ அதுவே நினைவாக நின்றது.

திரை காட்டாததும் இருந்தது. ராணி நம்பிய குறிசொல்லும் பெண்ணால் 1956இல் அரண்மனைக்குள் குடும்பமே பிளவுபட்டு நின்றது. 1976இல் லாக்ஹீட் விமான நிறுவனத்தின் லஞ்ச விவகாரத்தில் விசாரணைக்குழு பெர்ன்ஹார்டைக் கடுமையாகக் கண்டித்து, அவர் இராணுவப் பதவிகளையும் சீருடையையும் இழந்தார். 11 லட்சம் டாலர் வாங்கியதை அவரே ஒப்புக்கொண்ட நேர்காணல், அவர் இறந்த பிறகுதான் வெளியானது. இவ்வளவுக்கும் நடுவில் அடுத்தடுத்த ஏப்ரல்களில் வரிசை நகர்ந்துகொண்டுதான் இருந்தது. பூ கொடுக்க வருபவர் கேள்வி கேட்க மாட்டார். அரண்மனைகள் பூ வரிசையை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

திசை திரும்பியது

1980 ஏப்ரல் 30, தன் பிறந்தநாளிலேயே, யூலியானா மகள் பெயாட்ரிக்ஸிடம் ஆட்சியை ஒப்படைத்தார். அன்று ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் பூ இல்லை, கல்லும் புகையும். வீட்டுப் பற்றாக்குறையால் கொதித்த இளைஞர்கள் 'வீடு இல்லையேல் முடிசூட்டும் இல்லை' என்று டச்சில் எதுகையோடு முழங்கிக் காவல்துறையோடு மோதினார்கள்.

பெயாட்ரிக்ஸ் இரண்டு முடிவுகளை எடுத்தார். தன் பிறந்தநாள் ஜனவரி 31, உறைபனிக் காலம். அதனால் தாய்க்கு மரியாதையாக ஏப்ரல் 30ஐயே வைத்துக்கொண்டார். இரண்டாவது, படிக்கட்டில் நின்று வரவேற்பதை விட்டார். மக்கள் அரண்மனைக்கு வருவதற்குப் பதில் அரசக் குடும்பம் ஆண்டுதோறும் ஊர்களைத் தேடிப் போனது. பூவும் இடம் மாறியது. முன்பு பூ பயணம் செய்தது. இப்போது தடுப்புக் கம்பிக்குப் பின்னால் பூவோடு பிள்ளைகள் காத்திருக்க, ராணி நடந்துவந்து வாங்கினார்.

இந்த நெருக்கத்துக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 2009இல் அப்பெல்டோர்ன் ஊரில் திறந்த பேருந்தில் வந்த அரசக் குடும்பத்தை நோக்கி ஒருவர் காரைக் கூட்டத்துக்குள் செலுத்தினார். பார்வையாளர் ஏழு பேரும் ஓட்டியவரும் உயிரிழந்தார்கள். கார் மோதி நின்ற நினைவுத்தூணின் அடியில் மக்கள் பூ வைத்தார்கள். வாழ்த்துக்கு வாங்கிய பூவும் அஞ்சலிக்கு வைத்த பூவும் அந்த ஒரு திருநாளில் ஒன்றாகிப்போயின.

சரி, பிள்ளைகள் ஏன் விற்கிறார்கள்?

வரிசை போன இடத்தை நிரப்பியது 'ஃப்ரைமார்க்ட்', கட்டற்ற சந்தை. வழக்கமாக நெதர்லாந்தில் தெருவில் விற்க உரிமம் வேண்டும், விற்பனை வரி உண்டு. இந்த ஒரு நாள் சாதாரண மக்களுக்கு அந்தக் கெடுபிடி தளர்கிறது. உத்ரெக்டில் முந்தின நாள் மாலையே தொடங்கி விடியவிடிய நடக்கும். ஆம்ஸ்டர்டாமின் வோண்டல் பூங்கா பிள்ளைகளுக்கே ஒதுக்கப்பட்டது; பெரியவர்கள் அங்கே கடை போடக்கூடாது.

சிறுவர் பொம்மை விற்பார்கள், அப்பம் சுட்டு விற்பார்கள், வயலின் வாசித்துத் தொப்பியில் காசு வாங்குவார்கள். இடம்பிடிக்க முன்கூட்டியே தரையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து உள்ளே 'பெஸெட்' என்று எழுதிவைப்பார்கள். 'ஆள் இருக்கிறது' என்று பொருள். பேருந்தில் துண்டு போடுவதுபோல. 1940களின் ஜெர்மன் ஆக்கிரமிப்பைக் குறிக்கும் டச்சுச் சொல்லும் இதே வேரிலிருந்து வருவதுதான். எழுதும் பிள்ளைகளுக்கு அந்த நினைப்பு இருக்காது.

இனி தேதி என்ன ஆகும்?

2013 ஏப்ரல் 30இல் பெயாட்ரிக்ஸ் விலகி, 1890க்குப் பின் முதல்முறையாக ஓர் ஆண் ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டு திருநாள் ஏப்ரல் இறுதியிலேயே சில நாள் முன்னகர்ந்தது. பழைய வழிகாட்டி நூலை நம்பி 30ஆம் தேதி ஆரஞ்சு உடையில் வந்திறங்கிய சுற்றுலாப் பயணிகளைச் செய்தியாளர்கள் தேடிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். 'தப்புப் பயணிகள்' என்று டச்சில் ஒரு சொல்லே உருவாகிவிட்டது.

சூஸ்டைக் அரண்மனை இப்போது அரசிடம் இல்லை. யூலியானாவும் பெர்ன்ஹார்டும் 2004இல் அடுத்தடுத்து இறந்தபின் சில ஆண்டுகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருந்தது. 2017இல் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு 17 லட்சம் யூரோவுக்கு விற்கப்பட்டது.

அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. பட்டத்து இளவரசி அமாலியா பிறந்தது 2003 டிசம்பர் 7. டச்சுப் பிள்ளைகள் ஆண்டு முழுதும் காத்திருந்து பரிசு பெறும் சிந்தர்கிளாஸ் இரவு டிசம்பர் 5. அதற்கு இரண்டு நாள் கழித்து, மாலை நாலரைக்கே இருட்டும் குளிரில், கால்வாய்க் கரையில் யாரும் போர்வை விரிக்க முடியாது. பாட்டி பெயாட்ரிக்ஸ் தன் தாயின் தேதியை வைத்துக்கொண்டதுபோல் இவர் தந்தையின் தேதியை வைத்துக்கொள்ளலாம், அல்லது கோடையில் புதிதாக ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். 1885இல் உத்ரெக்டின் பிள்ளைகள் கூடியது ஆகஸ்ட் கடைசியில்.